தாழிக்கூடத்துப் பாட்டு

குரோசே
செப்டம்பர் 2, 1974

உங்களுக்கு,

வழக்கமாக வெயில் எப்படி, வயிறு எப்படி என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். இந்த முறை மனம் வரவில்லை. தாருமிசுவில் வெயில் எப்படி இருந்தால் எனக்கென்ன.

காலையில் தொமெகிச்சியை எழுப்பப் போனேன். படுக்கையைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தான். அவனுடைய ரப்பர் பூட்ஸைக் காணோம். வாசலில் நின்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு மிசாவோ சுவருக்கு மேலே தலையை நீட்டி, "உன் தம்பியும் உங்க வீட்டுக்காரரோட பஸ்ஸுல ஏறினானே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். ஊரே பார்த்திருக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் தெரியாது. முந்தின நாள் முழுக்க உங்கள் பெட்டியில் துணி அடுக்கியது நான். எதிரே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்?

மீன்பிடிப் படகை விற்றுவிட்டார்கள், அவனுக்கு வேலை இல்லை, எல்லாம் எனக்கும் தெரியும். சாலை போடப் போகட்டும், மரம் வெட்டப் போகட்டும். ஷோச்சு சாராய ஆலைக்கு மட்டும் வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவும் உங்களைப் போலத் தோஜிதான். ஓர் ஆலையின் ஊறல் எல்லாம் அவர் சொன்னபடி கேட்டது. கிழங்கு ஊறிப் புளித்துக் கொதிக்கிற தாழிகளுக்கு நடுவே குனிந்தவர் நிமிரவே இல்லை. ஊறலிலிருந்து எழும் அந்தக் கெட்ட காற்றுக்கு நிறம் கிடையாது. தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்கும், குனிந்தவனை அப்படியே இழுத்துக்கொள்ளும். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? குடித்துவிட்டு விழுந்தார் என்று. அப்பா வேலை நேரத்தில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அப்போது தொமெவுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

நம் கல்யாணத்தின் போது என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் எழுத மாட்டேன். நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அவனைத் திருப்பி அனுப்புங்கள். முடியாதென்றால், தாழிக்கூடத்துப் பக்கம் மட்டும் அவனை விடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் மாதிரி தெரிந்தாலும் பயம்தான்.

ஹிசானோ

*

தாருமிசு
செப்டம்பர் 11

ஹிசானோ,

உன் கடிதம் வந்தது. உறையைத் தொடும்போதே சுட்டது.

உன் தம்பி பால்குடி இல்லை. என்னைவிட ஒரு சாண் உயரம், சாப்பாட்டில் இரண்டு ஆள். "அக்காகிட்ட சொன்னா கிளம்ப விடமாட்டா, அத்தான், சொல்லாம போயிடலாம்" என்று கெஞ்சியவன் அவன். நான் தலையாட்டினேன். அது என் தப்புதான். ஆனால் தூக்கிக்கொண்டு ஓடியவன் மாதிரி என்னைத் திட்டாதே.

அவனைக் கிழங்கு கழுவவும் அவிக்கவும் போட்டிருக்கிறேன். நாள் முழுக்க ஆவியில் நின்று இறால் மாதிரி சிவந்து போகிறான். தாழிக்கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியே இருந்தாலும் உன் அப்பா காலம் வேறு, இது வேறு. தினமும் ஆள் உள்ளே போவதற்கு முன்னால் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பார்க்கிறோம். அணைந்தால் கதவைத் திறந்து போட்டுக் காத்திருப்போம். அதற்கு மேல் பாட்டு இருக்கிறது. உள்ளே ஊறலைக் கலக்குபவன் பாடிக்கொண்டேதான் கலக்க வேண்டும், வெளியே இருப்பவன் காதைக் கொடுக்க வேண்டும், பாட்டு நின்றால் ஓட வேண்டும். இந்த விதியை நான் போட்டது எந்த வருஷம் என்று உனக்குத் தெரியும். உன்னைக் கட்டிக்கொண்ட வருஷம். என் கூட்டத்துக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது பாட்டு இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடுவதில்லை. ஒருவன் ஓர் அடி பாடி நிறுத்தினால் வெளியே இருக்கிறவன் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கிறான். கிழங்கு நறுக்கும் பெண்கள்கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். கோயில் திருவிழா கெட்டது போ.

குபாசோனோ முதலாளியம்மா உனக்கு வணக்கம் சொன்னாள். இந்த வருஷக் கிழங்கு நன்றாக இருக்கிறது, தோல் வழவழவென்று, வெட்டினால் பால் வடிகிறது. எனக்கு இடுப்புப் பட்டி ஒன்று தைத்து அனுப்பு.

இவாசுகே

அக்கா, நான் தொமெ. அத்தான் இந்தக் கடுதாசிய நாலு தடவ கிழிச்சிட்டு எழுதினார். உன்னைக் கண்டா அவருக்கு முதலாளியம்மாவ விட பயம். நான் நல்லா இருக்கேன். ஊறுகாய் அனுப்பு.

*

குரோசே
செப்டம்பர் 24

உங்களுக்கு,

இடுப்புப் பட்டியும் முள்ளங்கி ஊறுகாயும் இதோடு வருகின்றன. ஊறுகாய் அவனுக்கு. நீங்கள் அதைத் திறந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

நேற்று அப்பாவின் கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு போனேன். புல் வெட்டினேன், கல்லைக் கழுவினேன். வழக்கமாக அங்கே உட்கார்ந்தால் மனசு அடங்கும். நேற்று அடங்கவில்லை. உங்கள் கடிதத்தை நம்பத்தான் பார்க்கிறேன். அவன் கைப்பட எழுதிய இரண்டு வரியை நாலு தரம் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறான் போலிருக்கிறது.

ஆனால் ரேடியோவில் சகுராஜிமா எரிமலை மறுபடி புகைகிறது, காற்று திரும்பினால் சாம்பல் எல்லாம் உங்கள் பக்கம் வரும் என்று சொல்கிறார்கள். போன வருஷம் சாம்பல் வந்தபோது உங்கள் குபாசோனோ ஆலையில் தாழிக்கூடத்து ஜன்னலையெல்லாம் பலகை வைத்து அடைத்தார்களாமே. மிசாவோவின் வீட்டுக்காரர் போன வருஷம் பக்கத்து ஆலையில் இருந்தார், அவர் சொன்னார். அடைத்த கூடத்துக்குள் அத்தனை தாழியும் கொதித்தால் கெட்ட காற்று எங்கே போகும்?

இந்த வருஷமும் அடைக்கிறார்களா? சுற்றி வளைக்காமல் ஆமாம், இல்லை என்று எழுதுங்கள்.

ஹிசானோ

*

தாருமிசு
அக்டோபர் 6

ஹிசானோ,

ஆமாம்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். இப்போது மீதியையும் கேள்.

மலை இங்கே எதிரிலேயே நிற்கிறது. காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டால் மதியமே இருட்டிக்கொண்டு வருகிறது. குடை பிடித்துக்கொண்டுதான் முற்றத்தைத் தாண்டுகிறோம். சோற்றில் சாம்பல், படுக்கையில் சாம்பல். போன வருஷம் பலகை அடைப்பதற்குள் ஊறலில் விழுந்து, வடித்தபோது தீய்ந்த வாசனை வந்தது. முதலாளியம்மா அத்தனையையும் தன் கையாலேயே வாய்க்காலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்தவளை யாராலும் எழுப்ப முடியவில்லை. இந்த வருஷமும் அப்படி ஆனால் ஆலை இருக்காது என்கிறாள். அவள் சொல்வதும் பொய் இல்லை. அதனால் சாம்பல் விழும் நாளில் அடைக்கிறோம், காற்று திரும்பியதும் திறக்கிறோம்.

அடைத்த கூடத்துக்குள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன. கழுத்து வரை மண்ணில் புதைந்த தாழிகள், வாய் மட்டும் வெளியே. பலகை சாத்தியதும் கொதிக்கிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, யாரோ கூட்டமாக முணுமுணுப்பது மாதிரி. மெழுகுவத்தி எரிகிறதா என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறேன். வயதாகிறது போலிருக்கிறது.

நீ கவலைப்படாதே. தொமெ ஆவி பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இவாசுகே

அக்கா, ஊறுகாய் வந்துச்சு. அத்தான் பாதிய முடிச்சிட்டார். இங்க எல்லாரும் எனக்குத்தான் நல்ல குரல்னு சொல்றாங்க. நான் பாட ஆரம்பிச்சா கிழங்கு வெட்டுற பொண்ணுங்க கத்திய கீழ வெச்சிடறாங்க. முதலாளியம்மா வந்து திட்டுறா.

*

குரோசே
அக்டோபர் 13

உங்கள் ஆலையில் பாடுவது யார்? உள்ளே நின்று கலக்குபவன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பாவம், அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீங்கள் எழுதிய பக்கத்தின் அடியிலேயே உண்மையை எழுதிவிட்டான்.

ஒரே வீட்டில் இத்தனை வருஷம் உங்களோடு இருந்தும் நீங்கள் என்னிடம் பொய் சொல்வீர்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதைப் பற்றி நீங்கள் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது அவனை வெளியே எடுங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே எடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இதை இப்போதே தபாலில் போடப் போகிறேன்.

ஹிசானோ

*

தாருமிசு
அக்டோபர் 25

ஹிசானோ,

குளிர் ஆரம்பித்துவிட்டது. கிழங்கு வரத்து குறையவில்லை. நீ சொன்னபடியே தொமெ இப்போது தாழிக்கூடத்தில் இல்லை.

எனக்குக் கையில் சின்னக் காயம், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் தொமெவுக்கு வலிப்பு வந்தது உண்டா? தலையில் அடி ஏதாவது? காய்ச்சலில் நினைவு தப்பியது உண்டா? சும்மாதான் கேட்கிறேன். தெரிந்தால் உடனே எழுது.

அவனுடைய கம்பளிச் சட்டையை அனுப்பு.

இவாசுகே

*

குரோசே
அக்டோபர் 28

யாரும் இப்படிச் சும்மா கேட்க மாட்டார்கள்.

வலிப்பு வந்ததில்லை. தலையில் அடி பட்டதில்லை. ஒரு முறை காய்ச்சலில் பிதற்றினான், அம்மா ஈரத்துணி போட்டாள், விடிவதற்குள் சரியாகிவிட்டது. இதைக் கேட்டது எந்த டாக்டர்?

உங்கள் பக்கத்தின் அடியில் அவன் எழுதவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்ளே பார்த்தேன். எதுவும் இல்லை.

மீனவர் சங்கத்துக்கு ஓடிப்போய் ஆலைக்குப் போன் போட்டேன். முதலாளியம்மா எடுத்தாள். நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். தம்பியைக் கூப்பிடுங்கள் என்றேன்.  "தோஜி எழுதுவார், அம்மா, அவர் எழுதுவார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் என்னை இதற்கு முன் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

உயிரோடு இருக்கிறானா? மற்றதெல்லாம் பிறகு. இதை மட்டும் எழுதுங்கள். தந்தியாகக் கொடுங்கள்.

ஹிசானோ

*

தாருமிசு
அக்டோபர் 30

ஹிசானோ,

தந்தி கொடுத்துவிட்டேன். இதற்குள் கிடைத்திருக்கும். உயிரோடு இருக்கிறான். தந்தியில் அவ்வளவுதான் எழுத முடிந்தது. மீதி இதில் இருக்கிறது. உட்கார்ந்து படி.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் நடந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காதே. வந்திருந்தாலும் நான் அவனை வெளியே எடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அவனைப் போல அடி வரைக்கும் துடுப்பை விட்டுக் கலக்குகிறவன் என் கூட்டத்தில் இல்லை.

காலையிலிருந்தே சாம்பல். பலகை எல்லாம் சாத்தியிருந்தோம். மெழுகுவத்தி இறக்கிப் பார்த்தேன், நின்று எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவித்த கிழங்கை இடித்து இரண்டாவது ஊறலில் போட்டோம். கிழங்கு விழுந்ததும் தாழிகள் பொங்க ஆரம்பித்தன. மறுபடி இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். காலையில் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டேன். தொமெ துடுப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் முற்றத்தில், அவிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பாட்டு நன்றாகக் கேட்டது. அந்த அறுவடைப் பாட்டு, உனக்கும் தெரியும். பாதி அடியில் நின்றான்.

ஹிசானோ, நான் ஓடவில்லை. நான் பாடினேன்.

அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். வாய் தானாக எடுத்தது. இத்தனை வருஷமாக அப்படித்தானே பாடுகிறோம், ஒருவன் விட்டால் இன்னொருவன். அன்றைக்கு எனக்குக் குரல்கூட நன்றாக வந்தது. கிழங்கு வெட்டும் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "தோஜிக்கும் பாட வருதுடி" என்றாள். நான் அந்த அடியை முடித்துவிட்டு அவன் அடுத்ததை எடுப்பான் என்று நின்றேன். அவன் எடுக்கவில்லை. விளையாடுகிறான், என்னையே பாடவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்து இன்னொரு அடியும் பாடினேன். அதையும் முழுசாகப் பாடினேன். அதற்கு அப்புறம்தான் கூடத்துக்குள் தாழிகள் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஈரத்துண்டை மூக்கில் கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மண்டியிட்டு ஒரு தாழியின் விளிம்பில் முகத்தைச் சாய்த்திருந்தான், குனிந்து எதையோ பார்க்கிறவன் மாதிரி. துடுப்பு ஊறலில் நின்றுகொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், வழுக்கியது. காலைப் பிடித்து இழுத்தேன். வாசலுக்கு வந்தபோது எனக்கும் கண் இருட்டிவிட்டது, பெண்கள்தான் இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்களாம். அவன் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மார்பை அழுத்தினார்கள், வாந்தி எடுத்தான், மூச்சு வந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

இங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு ககோஷிமா பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொன்னார். படகில் கொண்டு போனோம். அங்கேதான் இருக்கிறான். உனக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். கண் திறந்துவிட்டால் நல்ல செய்தியாக எழுதலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன்.

ஆள் விழுந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அந்தப் பாட்டை வைத்தேன். அது எப்போது வெறும் பாட்டாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

இவாசுகே

*

ககோஷிமா நகரம், ஆஸ்பத்திரி
நவம்பர் 4

உங்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அவன் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

கண் திறந்திருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அது பார்க்கிற கண் இல்லை. என் முகத்துக்கு நேரே திரும்புகிறது, அப்படியே தாண்டிப் போய்விடுகிறது. ஊட்டினால் விழுங்குகிறான். கைகள் மட்டும் போர்வைக்கு மேலே ஓயாமல் சுற்றுகின்றன. என்ன செய்கிறான் என்று நர்ஸ் கேட்டாள். கலக்குகிறான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், என்னையும் சேர்த்துச் சுற்றுகிறான், அவ்வளவு பலம்.

மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் எவ்வளவு என்று டாக்டர் கேட்கிறார். நான் என்ன சொல்ல? இரண்டு அடி பாட்டு என்றா?

நீங்கள் வரவேண்டாம். படகேறி இங்கே வந்து தலை குனிந்து நிற்கிற வேலை வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. உங்கள் ஊறலைப் பாருங்கள். அதற்காகத்தானே எல்லாம்.

ஹிசானோ

*

தாருமிசு
நவம்பர் 12

ஹிசானோ,

வரவில்லை. நீ சொன்ன பிறகு வர எனக்கு உரிமை இல்லை.

பலகைகளை உடைத்துவிட்டேன். கழற்றவில்லை, கோடாலியால் உடைத்தேன். இனி யாரும் மாட்ட முடியாது. முதலாளியம்மா மேலே விழுந்து தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் பலகை விழுந்ததும், "இத நான் சொல்லியிருக்கணும், தோஜி, நீங்க செய்ற வரைக்கும் நின்னிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். தாழிகளின் மேல் துணி கட்டியிருக்கிறோம், அதையும் மீறிச் சாம்பல் விழுகிறது. இந்த வருஷத்து ஷோச்சு எப்படி வரும் என்று யாரும் பேசுவதில்லை.

கூட்டத்தில் யாரும் இப்போது பாடுவதில்லை. உள்ளே போகவும் பயப்படுகிறார்கள், நான் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாத் தாழியையும் நானே கலக்குகிறேன். காலையில் எல்லாரும் வருவதற்கு முன் போய், முடித்துவிட்டு வருகிறேன்.  ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று வருகிறது, எல்லாம் தெரிகிறது, ஆனால் குனிய வேண்டிய இடம் வந்ததும் உடம்பு மறுக்கிறது. ஒவ்வொரு தாழிக்கும் முன்னால் நின்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன். நேற்று ஒரு தாழியைத் தாண்டிவிட்டேன். அவன் முகம் சாய்ந்திருந்த தாழி.

அவன் கை நின்றதா? அதை மட்டும் எழுது.

இவாசுகே

*

ககோஷிமா நகரம், ஆஸ்பத்திரி
நவம்பர் 15

கை நிற்கவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்குச் சரியாகப் புரியவில்லை, அல்லது புரிந்ததை நம்ப முடியவில்லை. யாரும் வருவதற்கு முன் தனியாகவா போகிறீர்கள்? நீங்கள் உள்ளே இருக்கும்போது வாசலில் யார்? ஜன்னல் திறந்திருந்தால் போதுமா? அப்பா விழுந்த கூடத்திலும் ஜன்னல் இருந்தது.

செய்ததற்குத் தண்டனை மாதிரி ஏதாவது மனதில் வைத்துக்கொண்டு போகிறீர்களா? அப்படியென்றால் நேராகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது வேண்டாம். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைக் கொட்டுவதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேரை அந்தத் தாழிகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். மூன்றாவது பேரைக் கொடுக்க என் வீட்டில் ஆள் இல்லை.

யாரையாவது வாசலில் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, யார் என்று எனக்கு எழுதுங்கள்.

ஹிசானோ

*

தாருமிசு
நவம்பர் 18

முதலாளியம்மா.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன்.  மறுநாள் காலையில் கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் மாட்டுக் கயிறு. என் இடுப்பில் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். நான் உள்ளே இருக்கும் வரை கொஞ்சநேரத்துக்கு ஒரு முறை இழுத்துப் பார்க்கிறாள். நான் திருப்பி இழுக்க வேண்டும். வயதான கை, ஆனால் பிடி இரும்பு.

முன்பு தாண்டிவிட்ட அந்தத் தாழியையும் நேற்று கலக்கினேன். வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

இவாசுகே

*

ககோஷிமா நகரம், ஆஸ்பத்திரி
நவம்பர் 22

உங்களுக்கு,

தொமெ பேசிவிட்டான்.

முந்தாநாள் சாயங்காலம் கை சுற்றுவது நின்றது. நான் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். பின்னாலிருந்து "அம்மா" என்றான். திரும்பினால் என்னைத்தான் பார்க்கிறான். இந்த முறை நிஜமாகவே பார்க்கிறான். நர்ஸ் கைகூடத் தட்டினாள். நான் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்காடா, ஹிசானோ" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உதடு கோணியது, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தான். முகமெல்லாம் பயம். பொறுக்க முடியாமல், ஆமாம், அம்மாதான் என்று சொல்லிவிட்டேன். உடனே அழுகை நின்றது.

அப்புறம் கேட்டான், "அப்பா வெளிய வந்தாச்சா?"

அப்பா இறந்த வருஷம் அவன் கேட்டது இதுதான். உங்களுக்கு இது தெரியாது, நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா தாழிக்கூடத்துக்குள் இருக்கிறார், வேலை முடிந்ததும் வெளியே வருவார் என்று அம்மா அவனிடம் சொல்லிவைத்தாள். பிணத்தைக் கொண்டு வந்தபோதும் அவனைப் பக்கத்து வீட்டில் அடைத்துவிட்டாள். பொழுது சாய்ந்தால் வந்து கேட்பான். இன்னும் வரலைடா, வந்துருவார் என்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டான். ஒரு நாள் கேட்பதை அவனே விட்டுவிட்டான். யார் அவனிடம் சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது அந்த வயதில்தான் கிடக்கிறான், முப்பது வயது தாண்டிய உடம்போடு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். வெளிச்சம் மங்கினால் போதும், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். வலிக்கிறது. கண் கதவை விட்டு நகர்வதில்லை. "கதவு மூடியிருக்கேம்மா, அவர் எப்படி வருவார்?" என்கிறான். கதவைத் திறந்து வைத்தேன். திறந்த கதவைப் பார்த்தும் நடுங்குகிறான். தூங்குவதே இல்லை. அம்மா சொன்னதையே நானும் சொல்கிறேன், இன்னும் வரலைடா, வந்துருவார் என்று. சொல்லும்போது என் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவனைவிட எனக்குத்தான் அதிகம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு மாதிரியே ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிடுவான், அதோடு எல்லாம் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.

வரவேண்டாம் என்று எழுதியிருந்தேன். இப்போது வாருங்கள். உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஊறல் முடிவதற்குள் தோஜி ஆலையை விட்டு நகர மாட்டான் என்று எனக்குத் தெரியும், தோஜியின் மகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு நாள் நகருங்கள். முதலாளியம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குளித்துவிட்டு வராதீர்கள். கூடத்திலிருந்து அப்படியே படகேறுங்கள், அந்த வாசனையோடு. பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேருங்கள். உள்ளே வரவேண்டாம், அவன் பார்க்கிற கதவில் நில்லுங்கள். நின்று, "வெளிய வந்துட்டேன்டா" என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் நான் இருப்பேன். எனக்கும் அதைக் கேட்க வேண்டும்.

ஹிசானோ